சிறிய அளவு கஞ்சா: தண்டப்பணம் கட்டி முடித்துவிடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் மென்பொருள் பொறியியலாளர் நான், வயது 34. தூக்கத்துக்காக இரவில் மிகச் சிறிய அளவு கஞ்சா கலந்த கம்மி (மெல்லும் இனிப்பு) எடுப்பேன். கனடா அண்ணா கொண்டுவந்தது. ஒருநாளும் புத்தி தடுமாறியதில்லை. வீதிச் சோதனையில் என் பையில் அதைக் கண்டு பிடித்த பொலிஸார் என்னைப் போதைக்காரனைப் போல நடத்தினார்கள். நண்பருக்கு இரண்டு கொடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். இப்போது பிணையில் இருக்கிறேன். கனடா பிஆருக்கு (நிரந்தர வதிவிடத்துக்கு) விண்ணப்பிக்க வேண்டும். நீதவானிடம் எல்லாவற்றையும் விளக்கி, தண்டப்பணம் கட்டி முடிக்கலாமா?

பதில்: நீங்கள் தெளிவாக இருந்தீர்களா, தள்ளாடினீர்களா என்று இந்த வழக்கில் யாரும் கேட்கப்போவதில்லை. 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி வைத்திருந்ததே குற்றம். அளவு சிறிதென்றால் தண்டனை குறையலாம், அவ்வளவுதான். கனடாவில் 2018 முதல் அனுமதி உண்டு என்ற கதை கட்டுநாயக்க விமான நிலையத்தோடு முடிந்துவிடும். பொலிஸார் நடத்திய விதம் வேதனைதான். இந்த வழக்குக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

எனக்குப் பயம் அந்த இரண்டு கம்மியில்தான். போதைப்பொருள் கடத்தல் என்று குற்றஞ்சாட்டக் காசு கைமாற வேண்டியதில்லை. சும்மா கொடுப்பதும் அதற்குள் வரும். பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த விடாது. அதே கதையைத் திறந்த நீதிமன்றத்தில் நீங்களே சொன்னால் அந்தப் பிரிவு உதவாது. அண்ணாவையும் இழுக்காதீர்கள், நாட்டுக்குள் கொண்டுவந்தது தனிக் குற்றம். நண்பரோடு இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வரியும் வேண்டாம். பழைய செய்திகளை அழிக்கவும் சொல்லாதீர்கள், அது இன்னொரு தலையிடி.

அப்புறம் தண்டப்பணம். புதுக்கடை நீதிமன்றத்தில் அடிக்கடி பார்க்கிறேன்: லீவு இல்லை என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, காசைக் கட்டிவிட்டு, மத்தியானமே அலுவலகம் போய்விடுவார்கள். அன்றைக்குக் குற்றத்தீர்ப்பும் பதிவாகிவிட்டது என்பது, சில வருடம் கழித்து பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போதுதான் தெரியவரும். அப்போது என்னிடம் ஓடி வந்து என்ன செய்ய?

பை உங்களுடையது, கம்மியும் உங்களுடையது. போராடி வெல்லும் வழக்கு இல்லை இது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை பொறுங்கள். குற்றச்சாட்டு, கஞ்சா வைத்திருந்ததோடு மட்டும் நின்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைக் காட்டி, குற்றத்தீர்ப்பு வழங்காமல் விடுவிக்கும்படி உங்கள் சட்டத்தரணி கேட்கட்டும். தூக்கமின்மை, வேலை, முன்குற்றம் இல்லாதது எல்லாம் அங்கே எடுபடும், அவர் வாயால் வந்தால். தருவதும் மறுப்பதும் நீதவானின் தற்றுணிபு.

அந்த விடுவிப்பு கிடைத்தாலும், கைதானீர்களா என்ற கேள்விக்குக் கனடா விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பொய்த் தகவல் என்று பிடிபட்டால் 5 வருடத் தடை.