பதினேழில் பார்த்து இருபத்துமூன்றைக் கணிப்பது: ஐஸ் ஹாக்கி டிராஃப்ட் கேள்வி பதில்

கேள்வி: செப்டம்பர் 15 என்ற தேதியை எல்லோரும் சொல்கிறார்கள். பிறந்த நாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: என்ஹெச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 7 சுற்று, 32 அணி, ஆக 224 இடங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்பினால்தான் ஒருவரைத் தேர்வு செய்ய முடியும். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் பிந்திப் பிறந்ததால் 2015-ஐ விட்டு 2016-இல் முதல் இடத்தில் தேர்வானார். இடையில் கிடைத்த ஒரு பருவத்தைச் சூரிச் அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடினார். 2025-இல் முதல் இடத்தில் தேர்வான மேத்யூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. தேர்வான நாளில் முன்னவருக்கு 18 வயது 9 மாதம், பின்னவருக்கு 17 வயது 9 மாதம். அந்த வயதில் பன்னிரண்டு மாதம் என்பது சில கிலோ தசையும் ஒரு முழு பருவ அனுபவமும். அதனால் புள்ளிக் கணக்குக்கு (கோலும், கோலுக்கு உதவிய பாஸான அசிஸ்டும் சேர்ந்தது) பக்கத்தில் வயதை ஆண்டில் எழுதாதீர்கள், மாதத்தில் எழுதுங்கள். ஒரே டிராஃப்டில் ஒரே கணக்கோடு இருவர் நின்றால், இளையவர் பக்கம் சாய்வதுதான் சரி.

கேள்வி: அரங்கத்தில் எங்கே உட்கார வேண்டும்? எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

பதில்: மூலையில், உயரமான வரிசையில். கண்ணாடிக்கு அருகில் உட்கார்ந்தால் வேகமும் மோதலும் தெரியும், ஆனால் பத்து வீரர்களும் எப்படிப் பரவி நிற்கிறார்கள் என்பது தெரியாது. தயாரிப்புப் பயிற்சி தொடங்கும் முன்பே போய்விடுங்கள். நெருக்கடி இல்லாத நேரத்தில் முழங்கால் எவ்வளவு மடிகிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப முடிகிறதா என்று பார்க்க அதுதான் வசதி.

ஒரு ஆட்டத்தில் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் யாரையுமே பார்த்ததாகாது. உங்கள் வீரர் பனியில் இறங்கியதும் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) மறந்துவிட்டு அவரையே தொடருங்கள். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருமுறை பனியில் இறங்கி ஆடும் நேரம், 40 முதல் 50 விநாடிதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும்: எந்தப் பீரியட், கடிகாரத்தில் என்ன நேரம், ஐந்துக்கு ஐந்தா பவர்பிளேயா (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்த நேரமா), எந்தப் பகுதியில் தொடங்கினார், என்ன செய்தார். "நன்றாக ஆடினார்" என்ற வரியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து ஒன்றும் செய்ய முடியாது. "சொந்த மூலையில் இருவர் அழுத்தியபோது ஓரப் பலகையில் தட்டி வெளியேற்றினார், நடுவில் ஆள் காலியாக இருந்ததைப் பார்க்கவில்லை" என்பது எப்போது படித்தாலும் உதவும்.

ஷிஃப்டின் கடைசிப் பத்து விநாடியைத் தனியாகக் கவனியுங்கள். களைத்த காலோடு திரும்பிவந்து தடுக்கிறாரா, பக்கை இழந்ததும் நேராக பெஞ்சுக்குப் போகிறாரா? சுருக்கக் காணொளியில் இது வரவே வராது. புள்ளிப் பட்டியலை ஆட்டம் முடிந்த பிறகு திறங்கள். முன்பே படித்தால் கண் அதைத்தான் தேடும்.

கேள்வி: "ஆட்ட அறிவு" என்கிறார்களே, அதை அளக்க முடியுமா?

பதில்: ஓரளவு எண்ணவே முடியும். தடுப்பாட்டக்காரர் சொந்தப் பகுதியின் ஆழத்தில் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும்போது, தொடுவதற்கு முன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். இரண்டு முறை பார்த்தவருக்கு முதல் தொடுதலிலேயே போகும் வழி தெரிந்திருக்கும். ஒருமுறையும் பார்க்காதவர் பக்கை எடுத்த பிறகுதான் யோசிப்பார். ஜூனியர் லீக்கில் அதற்கு நேரம் கிடைக்கும், மேலே கிடைக்காது.

முன்கள வீரர்களிடம் தேட வேண்டியது வேறு. பதினேழு வயதில் கை நீளமும் வேகமும் உள்ள ஒருவர் தடுப்பாட்டக்காரரை வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய் கோல் அடித்துக்கொண்டே இருப்பார், கணக்கும் ஏறும். தொழில்முறைத் தடுப்பாட்டக்காரர் இடைவெளியை நடுக்கோட்டிலேயே குறைத்து, அவரைப் பலகையோடு ஒட்டவைத்துவிடுவார். ஆகவே தாக்கும் பகுதிக்குள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் குறியுங்கள்: ஃபேஸ்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்க பக்கைப் போடும்) புள்ளிகளுக்கு இடைப்பட்ட நடுப்பாதைக்கு பக் வந்ததா, ஓரத்திலேயே செத்ததா? கோல் முன்பகுதிக்கு எத்தனை பாஸ் போனது? மேலே கொண்டுபோகும் பழக்கம் இதுதான். அடுத்து, வேகத்தை மாற்றுகிறாரா என்பது. எப்போதும் முழு வேகத்தில் ஓடுபவரைத் தடுப்பது எளிது.

கேள்வி: ஸ்கேட்டிங் சுமாராக இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா?

பதில்: எதனால் சுமார் என்று கண்டுபிடிக்காமல் நீக்காதீர்கள். இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து ஓடுவது, கணுக்கால் போதுமான அளவு மடியாதது, கை குறுக்கே வீசுவது, முதல் மூன்று அடியில் வலு இல்லாதது எல்லாம் பயிற்சியாலும் உடல் முதிர்ச்சியாலும் பெருமளவு சரியாகக்கூடியவை. விளிம்பில் சமநிலை இல்லாதது, பக்கோடு திரும்பும்போது ஒவ்வொரு முறையும் வேகம் போய்விடுவது ஆகியவை பிடிவாதமானவை. பிரேடன் பாயிண்டை 2014-இல் டாம்பா பே அணி 79-ஆவது இடத்தில்தான் எடுத்தது. ஸ்கேட்டிங் அவருடைய குறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் முன்னாள் உலகச் சாம்பியன் பார்பரா அண்டர்ஹில்லிடம் பயிற்சி பெற்ற பிறகு அதுவே அவருடைய பலமானது. ஸ்கேட்டிங் பயிற்சியாளரிடம் காணொளியைக் காட்டி "இது திருந்துமா?" என்று கேட்பதற்கு அரை மணி நேரம் போதும்.

கேள்வி: ஒருவர் கனடா ஜூனியரில் 60 ஆட்டத்தில் 72 புள்ளி. இன்னொருவர் ஸ்வீடனின் முதல்நிலை லீக்கில் 30 ஆட்டத்தில் 5 புள்ளி. எப்படி ஒப்பிடுவது?

பதில்: ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு மாற்றுக் காரணி வைத்து என்ஹெச்எல் அளவுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். முதலாமவர் ஆட்டத்துக்கு 1.2 புள்ளி. அந்த லீக்கின் காரணி 0.3 என்று வைத்துக்கொண்டால் 0.36, அதை 82 ஆட்டத்தால் பெருக்கினால் சுமார் 30. காரணி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே பழைய அட்டவணையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இந்தக் கணக்கு தொடக்கம் மட்டும்தான். 72-இல் பவர்பிளேயில் வந்தது எவ்வளவு, இரண்டாம் அசிஸ்ட் (கோலுக்கு முந்தைய பாஸுக்கும் முந்தைய பாஸ்) எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். அடித்ததில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கோலாகியிருந்தால் அடுத்த ஆண்டு அது இறங்கும். பக்கத்தில் ஆடுபவர் இருபது வயது நட்சத்திரமா என்றும் பாருங்கள். ஸ்வீடன் வீரர் ஆட்டத்துக்கு ஆறேழு நிமிடம்தான் பனியில் இருந்திருப்பார். அந்த 5 புள்ளி சொல்வது மிகக் குறைவு. பெரியவர்கள் அணியின் பயிற்சியாளர் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது அவரை இறக்கினாரா என்பதே பெரிய தகவல். அதே பருவத்தில் ஜூனியர் அணிக்கு இறங்கி ஆடியிருந்தால் அந்த ஆட்டங்களையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: உயரம் குறைவென்றால்?

பதில்: பின்னாளில் நட்சத்திரமான ஜானி கோட்ரோ 2011-இல் 104-ஆவது இடத்தில்தான் தேர்வானார். மார்ட்டின் செயின்ட் லூயி எந்த டிராஃப்டிலும் தேர்வாகவே இல்லை. இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஆனால் குட்டையான வீரரிடம் ஒன்றைக் கண்டிப்பாக எதிர்பாருங்கள்: மோதல் வரும் திசையை முன்பே உணர்ந்து விலகும் திறமை. அது இல்லையென்றால் கை வித்தை மட்டும் காப்பாற்றாது.

கேள்வி: கோலிகளை (கோல் காப்பாளர்களை) முதல் சுற்றில் எடுப்பது சரியா?

பதில்: மிக அரிதாக மட்டும். 2000-இல் முதல் இடத்தில் தேர்வானவர் கோலி ரிக் டிபியெட்ரோ. அதே டிராஃப்டில் 205-ஆவது இடத்தில் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். பெக்கா ரின்னே 2004-இல் 258, கானர் ஹெலபக் 2012-இல் 130, இகோர் ஷெஸ்டெர்கின் 2014-இல் 118. பின்னால் தேர்வான இந்த நால்வரும் பிறகு முன்னணிக் கோலிகளானார்கள். கோலி முழுமையடைய இருபத்தைந்து வயதுகூட ஆகும். பதினேழு வயது கோலியின் சேவ் சதவீதத்தில் பாதி அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களுடையது.

பார்க்க வேண்டியவை: பக் உடம்பைத் தொடும்வரை தலையும் கண்ணும் கூடவே வருகிறதா, ரீபவுண்டை மூலைக்குத் தள்ளுகிறாரா நடுவில் விடுகிறாரா, முதல் ஷாட்டைத் தடுத்து விழுந்த பின் எந்தக் காலால் எழுகிறார், கம்பத்துக்குக் கம்பம் நகரும்போது காலிடை திறக்கிறதா. மோசமான கோல் ஒன்று விட்ட பிறகு வரும் ஐந்து நிமிடத்தை விடாமல் பாருங்கள்.

கேள்வி: டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனை முகாம் முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?

பதில்: அந்த முகாமில் யாரும் பனியில் இறங்குவதே இல்லை. விங்கேட் சைக்கிள் சோதனை, ஆக்சிஜன் கொள்ளளவு, தாண்டுதல், புல்அப் போன்றவைதான். 2014 முகாமில் சாம் பென்னெட்டால் ஒரு புல்அப்கூட எடுக்க முடியவில்லை. நான்காம் இடத்தில் தேர்வானார். 2025-இல் ஸ்டான்லி கோப்பைப் பிளேஆஃபின் (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அந்த முகாமில் நேர்காணல்தான் விலை மதிப்புள்ளது. அவருடைய சொந்தத் தவறு ஒன்றைக் காணொளியில் ஓட்டி, "இங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். எதிரணி எந்த அமைப்பில் நின்றது என்று சொல்கிறாரா, சக வீரரைக் குறை சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

கேள்வி: காணொளி மட்டும் போதுமா? எத்தனை ஆட்டம் பார்த்தால் முடிவெடுக்கலாம்?

பதில்: தொலைக்காட்சிக் காமிரா பக்கைத் தொடரும், பக் இல்லாதவர் சட்டகத்துக்கு வெளியே இருப்பார். பரந்த கோணத்தில் எடுத்தது கிடைத்தால் காணொளி மிகவும் உதவும். அரங்க அளவையும் குறியுங்கள்: என்ஹெச்எல் பனி 200 அடிக்கு 85 அடி, ஐரோப்பாவின் பழைய பெரிய அரங்கம் 60 மீட்டருக்கு 30 மீட்டர். அகலப் பனியில் கிடைக்கும் கூடுதல் நான்கு மீட்டர் மெதுவான கால்களை மறைத்துவிடும். ஏப்ரலில் நடக்கும் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இன்னொரு பொறி உண்டு: கனடா ஜூனியர் பிளேஆஃபில் ஆடுபவர்கள் அங்கே வருவதில்லை. அந்த ஒரு போட்டியை வைத்து மட்டும் ஒருவரை ஒரு சுற்று மேலே ஏற்றாதீர்கள்.

எண்ணிக்கையைவிட வகை முக்கியம். சொந்த அரங்கில் ஒன்று, வெளியூரில் ஒன்று, வலுவான எதிரணியோடு ஒன்று, மூன்று நாளில் மூன்றாவதாக ஆடும் ஆட்டம் ஒன்று, பருவத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. முதல் அறிக்கையைத் திறந்து பார்க்காமல் கடைசி அறிக்கையை எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே மாறியிருக்கிறது, ஏன் என்று குறியுங்கள். காயத்தால் ஆட்டம் குறைந்தால் முந்தைய பருவக் காணொளிக்குப் போங்கள். ஷேஃபர் தன் டிராஃப்ட் பருவத்தில் ஈரி என்ற ஜூனியர் அணிக்காக ஆடியது 17 ஆட்டம்தான். அந்தப் பதினேழிலும் அவர் பக்கை எடுத்து வெளியேறிய விதம் மாறவில்லை.