கறிக்கடையிலேயே பாதி சமையல் முடிந்துவிடும்

கேள்வி: அக்கா, கல்யாண நாளுக்கு ஆசைப்பட்டு ஒரு ஹோட்டலில் ஸ்டேக் சொன்னோம். 1,100 ரூபாய். சவைச்சுச் சவைச்சு தாடை வலித்ததுதான் மிச்சம், அவர் பாதியிலேயே தட்டை நகர்த்திவிட்டார். இதை வீட்டில் செய்ய முடியுமா, இல்லை விட்டுவிடவா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: விடாதீர்கள். தாராளமாக வீட்டில் செய்யலாம், நம் ஊரைப் பொறுத்தவரை வீட்டில் செய்வதுதான் நல்லது என்றே சொல்வேன். ஸ்டேக் என்பது கனமான துண்டாக வெட்டிச் சுட்டெடுக்கிற மாட்டுக்கறி. அதில் மசாலா கிடையாது, குழம்பு கிடையாது; கறி, உப்பு, சூடு, அவ்வளவுதான். அதனால் கறி சரியில்லை என்றால் எந்த சமையல்காரராலும் அதை மறைக்க முடியாது. அமெரிக்காவில் பெயர்பெற்ற ஸ்டேக் கடைகளில் மாட்டுக்கறியை வெட்டிய அன்றே அடுப்பில் போடுவதில்லை, உறையாத குளிரில் வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள், அந்த நாட்களில் கறியில் இருக்கிற என்சைம்களே நாரை இளக்கிவிடும். நாமோ காலையில் வெட்டியதை மதியமே சாப்பிடுகிற ஆட்கள். குழம்புக்கு அது சரி, ஸ்டேக்குக்குச் சரிவராது. இன்னொன்று, 'நல்லா வேகவச்சுக் கொண்டாங்க' என்று சொல்லியிருந்தீர்களா? உள்சூடு 70 டிகிரியைத் தாண்டினால் நார் சுருங்கி இருக்கிற சாறையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிடும்.

நெல்பேட்டைப் பக்கமோ உங்களுக்குப் பழக்கமான கடையோ, மாட்டுக்கறிக் கடைக்காரரிடம் 'அண்டர்கட்' என்று கேளுங்கள். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதை, மாடு அதிகம் வேலை வாங்காத இடம், அதனால் எருமைக்கறியாக இருந்தாலும் மெத்தென்று இருக்கும். இரண்டு விரல்கட்டை கனத்துக்கு, நாருக்குக் குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள். அவர் கத்தியை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், பழக்கத்தில் குழம்புக்குத் துண்டு போட்டுவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் போட்டு அலசக் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். மேலே ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, கறி வெந்துகொண்டுதான் இருக்கும், முறுகாது. நாம் தேடுகிற அந்த முறுகல் வாசம் 140 டிகிரிக்கு மேல்தான் நன்றாகக் கிளம்பும். மனசு கேட்கவில்லை என்றால் அலசுங்கள், ஆனால் துணியால் ஒற்றி ஒற்றிச் சுத்தமாக உலர்த்திவிடுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் உப்புத் தடவி, கம்பித் தட்டில் வைத்து, கீழே ஒரு தட்டுக் கொடுத்து, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி. உப்பு உள்ளே இறங்கும், மேல்பக்கம் காயும்.

வீட்டில் கனமான இரும்பு தோசைக்கல் இருக்கிறதல்லவா, ஸ்டேக்குக்கு அதைவிடப் பெரிய பாத்திரம் தேவையே இல்லை. நான்ஸ்டிக்கைத் தொடாதீர்கள். கல் நன்றாகக் காய்ந்து லேசாகப் புகை வரும்போது கொஞ்சம் ரீபைண்ட் கடலை எண்ணெய் விட்டுக் கறியைப் போடுங்கள். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்து கசந்துவிடும். அரை நிமிஷத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சீராக வேகும், ஒரே தடவைதான் திருப்ப வேண்டும் என்று சிலர் சொல்வதில் அர்த்தமில்லை. வெண்ணெய், தட்டிய பூண்டு, மிளகு எல்லாம் கடைசி நிமிஷத்தில் போதும், முதலிலேயே போட்டால் கருகும்.

கறியில் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஹோட்டலில் ஒருதரம் கொடுத்த காசுக்குள் அடங்கிவிடும். நடுவில் 60 காட்டும்போது இறக்கி ஐந்து நிமிஷம் அப்படியே விட்டால் சூடு தானாக 63-க்கு ஏறும். ஏறவில்லை என்றால் மறுபடி கல்லில் கொஞ்ச நேரம் போடுங்கள். வெளிநாட்டில் 55-லேயே சிவக்கச் சிவக்கச் சாப்பிடுகிறார்கள்தான், நாடாப்புழு பயம் இருக்கிற நம் ஊரில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முழுசாக வேகவைத்தே கொடுங்கள்.

கேள்வி: கறிதோசையையும் இதே மாதிரி வீட்டில் செய்துவிடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: செய்யலாம், ஆனால் அதற்கு நான் கடைக்குத்தான் போவேன். மாவு, அதற்கு மேல் முட்டை, அதற்கு மேல் கறி என்று அவ்வளவு கனத்தைத் திருப்பிப் போட்டும் சூடு இறங்காத பெரிய கல் வேண்டும். வீட்டு அடுப்பில் தோசை வேகும்போது கறி காய்ந்துபோகிறது. நானே நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அண்டர்கட்டைக் குக்கரில் நாலு விசில் விட்டால் இன்னும் மெதுவாகாதா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஆகாது ஐயா, சக்கையாகிவிடும். குக்கரில் கறி இளகுவது சவ்வு கரைவதால்தான், அண்டர்கட்டில் அந்தச் சவ்வு ரொம்பக் குறைவு. குக்கருக்குக் கால் பக்கத்துக் கறி வாங்குங்கள், விலையும் குறைவு.