சில்லர் இல்லாமல் லேசர் ஓடுமா?

"ஒரு கிலோவாட் ஃபைபர் லேசரில் தகடு வெட்டுகிறேன். கரண்ட் பில்லை ஏற்றுவதில் சில்லருக்கு, அதாவது குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு லேசரைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கு, பெரிய பங்கு. இன்னும் தரமான லேசர் வாங்கினால் சில்லரைக் கழற்றிவிடலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

முடியாது. தரத்தைக் கூட்டினால் வெப்பம் குறையும், அவ்வளவுதான். அது வெளியேற ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். லேசரும் ஒரு வெப்ப இயந்திரம்தான்.

இதை 1959-இல் பெல் ஆய்வகத்தின் ஸ்கோவிலும் ஷுல்ஸ்-டுபோயும் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது லேசரின் அண்ணனான மேசர்; நுண்ணலையைப் பெருக்குவது. அதன் அணுவில் மூன்று ஆற்றல் படிகள். சூடான பக்கம் அணுவை மேல்படிக்குத் தூக்குகிறது, குளிர்ந்த பக்கம் கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது, மீதி நுண்ணலையாக வருகிறது; லேசரில் அதுவே ஒளி. நீராவி எஞ்சின் கணக்கேதான்! வெளிவரும் அதிர்வெண்ணை உள்ளே போகும் அதிர்வெண்ணால் வகுத்தால் திறன். அது கார்னோ வரம்பை, அதாவது எந்த வெப்ப இயந்திரமும் எட்டக்கூடிய உச்சத் திறனை, தாண்டாது; வரம்பைத் தொட்டுவிட்டால் பெருக்கமே நின்றுவிடும்.

உங்கள் மெஷினுக்கு வருவோம். ஃபைபர் என்னும் கண்ணாடி இழையில் கலந்திருக்கும் இட்டர்பியம் என்ற தனிமம் 976 நானோமீட்டர் அலைநீள ஒளியை வாங்கி, சுமார் 1070-இல் கொடுக்கிறது. ஒரு ஃபோட்டானுக்கு ஒரு ஃபோட்டான்தான் என்பதால் ஏறக்குறைய 9 சதவீதம் கண்ணாடியிலேயே சூடாகத் தங்கும். பழைய நியோடிமியம் லேசரில், 808-இலிருந்து 1064 வரும்போது, இது 24 சதவீதம். அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் இட்டர்பியம் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்காமல் சற்று மேலேயே தேங்கி, பிறந்த ஒளியையே திரும்ப விழுங்கும். குளிர்ந்த பக்கம் இயந்திரத்தின் பாதி. அதைக் கழற்ற முடியாது.

ஆனால் உங்கள் பில்லில் பெரும்பங்கு இழையில் தங்கும் இந்தச் சூடு அல்ல. ஒரு கிலோவாட் ஒளிக்கு மெஷின் சுமார் மூன்று கிலோவாட் மின்சாரம் இழுக்கும். வீணாகும் வெப்பத்தில் அதிகம் உண்டாவது ஒளியூட்டும் டயோடுகளில். அடுத்த முறை லேசர் வாங்கும்போது மொத்த மின்திறன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். முப்பதுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் பெரிது. டயோடுகளையும் குளிர்வித்தே ஆக வேண்டும்: டயோடு ஒரு டிகிரி சூடேறினால் அதன் அலைநீளம் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். 976-இல் இட்டர்பியத்தின் உறிஞ்சல் பட்டை குறுகலானது, நகர்ந்தால் நஷ்டம்.

சரி, அதற்காகத் தண்ணீரை ஐஸ் மாதிரி வைக்காதீர்கள். 32 டிகிரி அறையில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் சுமார் 26 டிகிரியிலேயே பனி கோர்க்கும். லென்ஸில் ஒரு துளி படிந்தால் செலவு சில்லர் பில்லைவிட அதிகம். கையேட்டில் சொன்ன வெப்பநிலையே போதும். லேசர் கேபினை மூடி உள்ளே ஏசி வையுங்கள். அப்புறம், சில்லரின் ரேடியேட்டர் தூசியை வாரம் ஒருமுறை ஊதித் தள்ளுங்கள். அது அடைத்திருந்தால் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். பில் ஏறுவது அங்கேதான்.