நல்ல நாற்காலி வாங்கியும் கழுத்து வலி ஏன்?

கேள்வி: தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் லேப்டாப்பில் வேலை. கழுத்து வலிக்கிறது என்று விலை கூடிய நாற்காலி வாங்கினேன். வலி குறையவில்லை. இப்போது வலது கை விரல்களும் மரத்துப்போகின்றன. என்ன செய்வது?

பதில்: நாற்காலியைத் திட்டாதீர்கள். கோளாறு லேப்டாப்பில்தான். திரையும் கீபோர்டும் அதில் ஒட்டிப் பிறந்தவை. கைக்குத் தோதாக வைத்தால் தலை குனியும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். நம் தலை கிட்டத்தட்ட 5 கிலோ. அது முன்னால் சாயச் சாய பிடரித் தசைகளுக்குப் பாரம் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதனால் முதல் செலவு, தனிக் கீபோர்டும் மவுஸும். லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள்மேல் ஏற்றுங்கள், ஸ்டாண்டே வேண்டுமென்பதில்லை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி போடுபவர் என்றால் இன்னும் இறக்குங்கள். இல்லாவிட்டால் கீழ்வில்லை வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

அடுத்து நாற்காலி. கால் தரையில் படுகிறதா என்று பார்த்துத்தான் பலரும் உயரம் வைக்கிறார்கள். முழங்கையில் தொடங்குங்கள். தோளைத் தளர்த்தினால் முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். அந்த உயரத்தில் கால் தொங்கினால், காலுக்கடியில் ஒரு பலகையைப் போடுங்கள். நாற்காலியை இறக்க வேண்டாம்.

சரி, விரல்கள். எந்த விரல் மரக்கிறது என்று கவனித்தீர்களா? கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் முழங்கைப் பக்கம் சந்தேகப்படலாம். மேசை விளிம்பிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ அதை ஊன்றும் பழக்கம் உண்டா, பாருங்கள்.

எல்லாம் சரியாக வைத்தாலும் அரை மணிக்கொரு தரம் எழுந்துவிடுங்கள். போன் வந்தால் நின்றே பேசலாம்.

மரப்பு இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ மேசையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.