அத்தானின் வெள்ளிக் காசுக்கு உங்கள் கையெழுத்து எதற்கு?

கேள்வி: பலெர்மோவில் ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். கைக்கு 1,200 யூரோ வரும். 1901ஆம் ஆண்டு இத்தாலிய 5 லிரா வெள்ளிக் காசு ஒன்று 6,000 யூரோவுக்குக் கிடைக்கிறது, விற்றால் பல மடங்கு என்று அக்காவின் கணவர் சொன்னார். அவருக்காக நான்கு நாட்களுக்கு முன் தனிநபர் கடனுக்குக் கையெழுத்திட்டேன். மாதம் 128 யூரோ, 60 மாதம். அவருடைய கிரிப்டோவுக்காக முன்பு வாங்கிய கடனுக்கே மாதம் 90 யூரோ கட்டுகிறேன். பணம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

பதில்: தம்பி, பணத்தைத் தொடாதீர்கள். இத்தாலியில் இப்படிப்பட்ட கடனிலிருந்து, கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அந்தக் காசு உண்மையிலேயே அபூர்வமானதுதான். அரசர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே பட்டத்துக்கு வந்த மறு ஆண்டு ரோமில் அடித்தது, மொத்தமே 114 காசுகள். ஒரு பக்கம் இளம் அரசரின் தலை, மறுபக்கம் முடி சூடிய கழுகு. அசல் என்றால் ஏலத்தில் பல்லாயிரம் யூரோ போகும். அப்படிப்பட்டதை வைத்திருப்பவர் ஏல நிறுவனத்துக்குத்தானே போவார், 6,000க்கு ஏன் கைமாற்றிவிட வேண்டும்? இதற்குப் போலிகளும் ஏராளம். அசல் 25 கிராம், 37 மில்லிமீட்டர். எடை நன்றாகக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான். சரியாக இருந்தாலும் அசல் என்று ஆகிவிடாது, ஏனென்றால் வெள்ளியிலேயே போலி செய்கிறார்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்று அத்தான் காட்டினால் அதையும் நம்பாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 128ஐ 60ஆல் பெருக்கினால் 7,680 யூரோ. போலியாகிப் போனால் மிஞ்சுவது வெள்ளி மட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி என்றே வைத்தாலும் 22.5 கிராம். கிராம் 2 யூரோ என்று போட்டால் 45 யூரோ! பழைய தவணையையும் சேர்த்தால் மாதம் 218 யூரோ, அதாவது சம்பளத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று போய்விடும்.

காசு அசலா போலியா என்பதைவிட எனக்குக் கவலை தருவது, அத்தான் கேட்டதும் நீங்கள் கையெழுத்திடும் பழக்கம்தான். நேற்று கிரிப்டோ, இன்று பழங்காசு. லாபம் வந்தால் அவருக்கு, தவணை மட்டும் உங்களுக்கு. கையில் இருப்பதைக் கைமாற்றாகக் கொடுப்பது வேறு, கடன் வாங்கிக் கொடுப்பது வேறு. இரண்டாவதை இனி யாருக்கும் செய்யாதீர்கள், அக்கா அழுதாலும்.

அத்தானுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், விற்பவரையும் கூட்டிக்கொண்டு நாணய மதிப்பீட்டாளரிடம் போகட்டும். அந்தச் செலவும் அவருடையதே. உங்களுக்கு இத்தாலியப் பழங்காசு ஆசை இருந்தால் 1870களின் சாதாரண 5 லிரா நிறையக் கிடைக்கிறது, ஓய்வு நாளில் கைக்காசில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

விலகல் கடிதத்தை நாளையே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அனுப்பிய 30 நாட்களுக்குள் 6,000 யூரோவைத் திருப்பிக் கட்ட வேண்டும். இடைப்பட்ட நாட்களின் வட்டி, நாளுக்கு ஒன்றரை யூரோ சொச்சம் வரும். அனுப்பிய பிறகு அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.