வன்னியில் இருந்தபடி ஜேர்மன் மொழியைச் சுயமாகக் கற்க முடியுமா?

கேள்வி: மல்லாவியில் இருக்கிறேன். கணவரிடம் ஜேர்மனிக்குச் செல்ல ஏ1 என்ற தொடக்கநிலை ஜேர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். கொழும்பில் ஆறு மாதம் தங்கி வகுப்புக்குப் போகாமல் முடியாது என்கிறார்கள். சுயகற்கைப் புத்தகம் ஒன்று மட்டும் கையில் இருக்கிறது. உண்மையில் முடியாதா?

பதில்:

முடியும், தங்கச்சி. நான் விசுவமடுவில் எங்கள் வளவுக்குள்ளேயே இருந்து, ஒரு சுயகற்கைப் புத்தகத்தை வைத்துப் படித்து, இரண்டாம் முறை 100க்கு 83 புள்ளிகள் பெற்றேன். முதல் முறை 51 புள்ளிகளுடன் தவறினேன். சித்திக்கு 60 வேண்டும். உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படக்கூடியது அந்த முதல் முறையின் கதை என்பதால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் "முடியாது" என்ற சொல். ஒரு நகரத்தில் வகுப்பு நடத்துபவரிடம் நான் விசாரிக்கப் போனபோது, எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "வன்னிப் பிள்ளைகள் பள்ளிக்கூடமே ஒழுங்காகப் போகாதவர்கள், தனியே படித்து இது சரிவராது" என்றார். நான் தறப்பாள் கொட்டகையிலும் மரத்தடியிலும் படித்துச் சாதாரண தரம் எழுதியவள். படிக்க இடமில்லாமல் இருந்ததை, படிக்கத் தெரியாதது என்று அவர் எடுத்துக்கொண்டது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. வகுப்புகள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம்; நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்து, வசதியும் இருந்தால் கட்டாயம் போங்கள். அது இல்லாதவருக்கு வழியே இல்லை என்று சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

கணவர் அனுப்பிய புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் இறுவட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. ஆகவே ஆறு மாதம் கண்ணால் மட்டுமே படித்தேன். பயிற்சிகள் எல்லாம் சரியாக வந்தன, சொற்கள் எல்லாம் பாடம், எனக்கு மொழி வந்துவிட்டது என்றே நம்பினேன். கிளிநொச்சியில் இரவுப் பேருந்து ஏறி, விடிய முன் கொழும்பில் இறங்கி, நித்திரையே இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குப் போனேன். செவிமடுத்தல் பகுதியில் நிலைய அறிவிப்புகள் போன்றவை ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. புகையிரதம் "ஹல்ப் அக்ட்" மணிக்கு என்றது குரல். ஹல்ப் என்றால் அரை, அக்ட் என்றால் எட்டு, ஆகவே எட்டரை என்று குறித்தேன். ஜேர்மன்காரர் அப்படிச் சொல்வது ஏழரையை; எட்டாவது மணியில் பாதி கழிந்தது என்பது அவர்களுடைய கணக்கு. 84 என்பதை அவர்கள் "நான்கும் எண்பதும்" என்று ஒன்றினிடத்திலிருந்து சொல்வார்கள், நான் 48 என்று எழுதினேன். இரண்டும் புத்தகத்தில் இருந்தவை, நான் படித்தவை. காது பழகாததால் அந்த நொடியில் கைக்கு வரவில்லை. பேசும் பகுதியில் பெயர், வயது, ஊர், தொழில் என்று அறிமுகம் செய்த பின், பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். ஜேர்மன் அரிச்சுவடியை நான் அதுவரை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொன்னதில்லை.

செவிமடுத்தல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளுக்கும் சம பங்கு. வாசிப்பிலும் எழுத்திலும் வல்லவராக இருந்தாலும், மற்றப் பாதியை விட்டுவிட்டுச் சித்தியடைய இயலாது.

திரும்பி வந்ததும் சந்தியில் உள்ள தொலைத்தொடர்புக் கடையில் நின்ற பையனிடம் இறுவட்டைக் கொடுத்து, ஒலிப்பதிவுகளைக் கைத்தொலைபேசிக்கு மாற்றுவித்தேன். கச்சானுக்குத் தண்ணீர் விடும்போதும், அரிசி இடிக்கும்போதும் அதுவே காதில் ஓடியது. ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்தி, உரத்துத் திருப்பிச் சொல்லி, பிறகு என் குரலைப் பதிந்து இரண்டையும் ஒப்பிட்டேன். கடைக் கணக்கையும், வீட்டில் இருந்த எல்லாத் தொலைபேசி இலக்கங்களையும் ஜேர்மனில் சொன்னேன். டொய்ச்ச வெல்லே என்ற ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாக வழங்கும் பாடங்களும், இந்தப் பரீட்சையை நடத்தும் கோதே நிறுவனத்தின் மாதிரிப் பரீட்சைகளும் ஒலியுடன் இணையத்தில் கிடைக்கின்றன. பகலில் இணைப்பு இழுபடும், ஆகவே அதிகாலையில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மனம் நொந்து சொல்ல வேண்டும். ஜேர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிய நிழற்படப் பிரதிக் கொப்பிகள் எங்கள் பக்கம் கைமாறுகின்றன. நானும் பணம் கொடுத்து ஒன்று வாங்கினேன். "ஏற்கெனவே" என்ற சொல்லும் "அழகான" என்ற சொல்லும் அதில் ஒன்றாகவே "ஷோன்" என்று இருந்தன. ஆனால் இரண்டாவதில் உள்ள உயிர், நாக்கை "ஏ" சொல்லும் இடத்தில் வைத்து, உதட்டை "ஓ" போலக் குவித்தால் வருவது. அதேபோல் நாக்கு "ஈ"யிலும் உதடு "ஊ"விலும் இருக்க இன்னோர் உயிர் பிறக்கும். அதைச் சரியாக ஒலிக்காவிட்டால் குசினி என்று சொல்லப் போய்க் கேக் என்று சொல்லிவிடுவீர்கள். அந்தக் கொப்பியால் நான் இழந்த மாதங்களை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. இங்கே நானும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். தயவுசெய்து இதைப் பார்த்து உச்சரிக்காமல், ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்து உதவாவிட்டாலும், இலக்கணத்துக்குத் தமிழ் பெரிய துணை. நமக்குக் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக விளக்குபவை என்பதால், நாம் ஏற்கெனவே அறிந்ததையே புதிதுபோலப் படிக்கிறோம். நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஜேர்மனில் அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் படித்தபோது அதற்கு நீண்ட விளக்கம் வாசித்தேன். "அவனுக்கு உதவினேன்" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதுபோலவே அவர்களும் சொல்கிறார்கள். "எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது" என்பதிலும் அவர்களுக்கும் "எனக்கு"தான் வரும். "இஹ் முஸ் ஹொய்ட்ட ப்ரோட் கவுஃபன்" என்ற வசனத்தில் "வேண்டும்" என்பதற்குரிய சொல்லை மட்டும் இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டால், மீதி "நான் இன்று பாண் வாங்க" என்று நம் வரிசையிலேயே நிற்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியவில்லை.

கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. நாம் "மேசை வாங்கினேன்" என்று இரண்டாம் வேற்றுமை உருபை விட்டுவிட்டுப் பேசுவோம். ஜேர்மனில் மேசை ஆண்பால், அங்கே பெயருக்கு முன் வரும் "டேர்" என்ற ஆண்பால் குறிச்சொல் கட்டாயம் "டேன்" ஆக மாறும். பெண்பாலுக்கும் ஒன்றன்பாலுக்கும் அந்த இடத்தில் மாற்றம் இல்லை. கதவு பெண்பால், ஜன்னல் ஒன்றன்பால், சிறுமியைக் குறிக்கும் சொல்கூட ஒன்றன்பால். உயர்திணை, அஃறிணை என்று பழகிய நமக்கு இதற்குக் காரணம் தேடுவது வீண். நான் வீட்டுப் பொருட்களில் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, ஒன்றன்பாலுக்குப் பச்சை என்று நூல் கட்டினேன். கதவில் ஏன் சிவப்பு நூல், யாரும் செய்வினை செய்துவிட்டார்களா என்று அம்மா பயந்தே போனார். பிறகு அவரே, "இந்த வாளிக்கு என்ன நிறம், பிள்ளை?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஏ1 சித்தியடைந்தால் மொழி தெரிந்ததாகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். ஆகாது, அது ஆறு படிகளில் முதலாவது, ஜேர்மனியில் டோட்முண்ட் நகருக்கு வந்த பிறகுதான் நான் எவ்வளவு படிக்க வேண்டும் என்று கண்டேன். ஆனால் 2007ஆம் ஆண்டிலிருந்து வாழ்க்கைத்துணையிடம் வருபவரிடம் பொதுவாக இந்தப் படியைத்தான் முன்கூட்டியே கேட்கிறார்கள். நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கொடுக்கிறாய் என்பவர்களுக்கும் ஒரு சொல்: பிரிந்திருக்கும் குடும்பம் சேர்வதற்குத்தான் இந்தத் தங்கச்சி வழி கேட்கிறார்.

இரண்டாம் முறை நான் முதல் நாளே போய் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் தங்கி, நன்றாக உறங்கி எழுந்து போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். என் புத்தகம் விசுவமடுவில் தம்பியிடம் இருக்கிறது, ஒலிப்பதிவுகள் அவனுடைய தொலைபேசியில் இருக்கின்றன. தனிச்செய்தியில் எழுதினால், மல்லாவிப் பேருந்தில் கொடுத்துவிடச் சொல்கிறேன். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பவற்றில் முதல் ஆறு மாதத்துக்குரியவற்றை அழித்துவிட்டு, பாடம் ஒன்றிலிருந்து சத்தமாகத் தொடங்குங்கள்.