ஒரே எழுத்துகள், வேறு சொற்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அல்காரிதம், லாகரிதம் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள்தான் என்று என் மகள் எழுதிக் காட்டினாள். இது தற்செயலா? இப்படி நீளமான சொற்கள் வேறு உண்டா? பொருளோடு சொல்லுங்களேன்.
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இரண்டிலும் அதே ஒன்பது எழுத்துகள்தான். முன்னால் நிற்கும் 'ஏ எல் ஜி ஓ'வை 'எல் ஓ ஜி ஏ' என்று மாற்றினால் போதும். பின்பாதி 'ரிதம்' அப்படியே இருக்கும்.

பாதிதான் தற்செயல். லாகரிதம், பள்ளிப் பாடத்தில் வரும் மடக்கை, ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் உண்டாக்கிய சொல். கிரேக்கத்தில் விகிதத்துக்கு 'லோகோஸ்', எண்ணுக்கு 'அரித்மோஸ்'. இரண்டையும் ஒட்டி அவர் வைத்த பெயர் 1614-ல் வந்த நூலில் இருக்கிறது. அல்காரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் வழிமுறை, ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. அவர் பெயர் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'அல்காரிசம்' என்றுதான் இருந்தது. நம் இந்திய எண்களை வைத்துக் கணக்குப் போடும் முறைக்கு அன்று அந்தப் பெயர். கணக்குச் சொல்தானே என்று நாளடைவில் 'அரித்மோஸ்' சாயல் அதன்மேல் ஏறி, 'டி எச்' நுழைந்து, அல்காரிதம் ஆகிவிட்டது. ஆக, இரண்டுக்கும் வால் ஒரே கிரேக்கச் சொல்லின் உபயம். தலை மட்டும்தான் தற்செயலாகப் பொருந்தியது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது.

நான் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் கோத்த கைக்கு இந்த ஜோடிகள் தானாகவே தென்படும். கல்வி என்று பொருள்படும் 'எஜுகேஷன்' கோத்த ஒன்பது எழுத்தையும் கலைத்து அடுக்கினால் 'காஷண்ட்' வரும், எச்சரிக்கப்பட்டார் என்று பொருள். இன்னொரு முறை அடுக்கினால் 'ஆக்‌ஷண்ட்', ஏலம் விடப்பட்டது. கேஸிலிருந்து, அதாவது எழுத்துப் பெட்டியிலிருந்து, புதிதாக ஓர் எழுத்துகூட எடுக்க வேண்டாம்.

'மெடிகேஷன்' என்றால் மருந்து. அதே பத்து எழுத்தில் 'டெசிமேஷன்'. இன்று பேரழிவு என்ற பொருளில் எழுதுகிறார்கள். ஆதியில் அது ரோமானியப் படையில் ஒரு தண்டனை. போரில் பின்வாங்கிய பிரிவில் சீட்டுப் போட்டுப் பத்துக்கு ஒருவரைப் பிரித்து, கூட இருந்த வீரர்களைக் கொண்டே அடித்துக் கொல்ல வைப்பார்கள். ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கப் போன ரோமானியத் தளபதி கிராசஸ் தன் ஆட்களுக்கே இதைச் செய்தார். 'டெசெம்' என்றால் லத்தீனில் பத்து. மருந்தும் இந்தக் கொடுமையும் ஒரே எழுத்துகளில் அடங்குவது இன்னமும் எனக்கு ஜீரணமாகவில்லை.

அப்புறம், மகளுக்கு இன்னும் மூன்று ஜோடிகள். 'கான்வர்சேஷன்' உரையாடல், 'கான்சர்வேஷன்' பாதுகாத்தல், பன்னிரண்டு எழுத்து. 'மவுன்டனியர்' மலையேறுபவர், 'எனுமரேஷன்' எண்ணிக் கணக்கெடுப்பது, பதினோரு எழுத்து. 'சூப்பர்சானிக்' ஒலியை மிஞ்சிய வேகம், 'பெர்கஷன்' தாளவாத்தியம், பத்து.

கேள்வி: ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் அதே வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே முறை வரும் சொல் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. 'ஃபசீஷஸ்', இடம் தெரியாமல் வேடிக்கை பேசுகிற. 'ஆப்ஸ்டீமியஸ்', சாப்பாட்டிலும் குடியிலும் அளவோடு இருக்கிற. இரண்டின் பின்னாலும் 'எல் ஒய்' சேர்த்தால் 'ஒய்'யும் வரிசையில் வந்து நின்றுகொள்ளும். தலைகீழ் வரிசைக்கு நம்மைப் பற்றிய சொல்லே இருக்கிறது: 'சப்கான்டினென்டல்', துணைக்கண்டத்தைச் சேர்ந்த.

கேள்வி: 45 எழுத்துள்ள ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்து வரும்படி என் பையனிடம் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு நோய் இருக்கிறதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: நோய் உண்மை, பெயர்தான் செயற்கை. 'நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்காபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்' என்ற அந்தச் சொல்லை, மிக நீளமாக இருக்க வேண்டும் என்றே 1935-ல் கட்டியவர் எவரெட் ஸ்மித். அமெரிக்கப் புதிர்க்காரர்கள் சங்கத்தின் தலைவர் அவர். பிரித்துப் படித்தால் பையனுக்குச் சுலபம்: நுரையீரல், மிக நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசு நோய்.

மருத்துவர்கள் சொல்வது 'சிலிக்கோசிஸ்', ஒன்பதே எழுத்து. கல் குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. மூச்சோடு உள்ளே போகும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். அதை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. துளை போடும்போதும் உடைக்கும்போதும் தண்ணீர் விட்டுத் தூசை அடக்குவது, அதற்கென்று உள்ள முகமூடி போடுவது, இவைதான் காப்பு. 45 எழுத்தை ஒப்பித்து முடித்ததும் பையனுக்கு இதையும் சொல்லுங்கள். சொல்லுக்குள் இருக்கிற ஆட்கள் அந்தத் தொழிலாளர்கள்தான்.